பரங்கிக்குப் பொட்டாஷ்

யாராவது எதிரில் உட்கார்ந்து நான் தண்ணீர் குடிப்பதையே பார்த்தால் எனக்கு இன்றைக்கும் புரையேறுகிறது. ஜீவனஹள்ளியில் கீழ்வீட்டில் இருந்தவர் செய்துவைத்த வேலை அது. அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். ஐம்பது தாண்டிய ஆள், ஒல்லி, வெளிறிப்போன முகம். டயாலிசிஸ் ஊசி குத்துகிற இடது கையில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். அவர் இப்போது இல்லை. அது நான் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன பிறகு நடந்தது, ஒரு ஃபோன் வந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய வருஷம் அவர் வளர்த்த ஒரு பரங்கிக்காயைப் பற்றி.

முதலில் என்னைப் பற்றி ரெண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சரிப்படாது. வேலூர்ப் பக்கம் எனக்கு. சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அம்மா செத்த பிறகு ஹாஸ்டலில் நாலு பேர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அந்த மாடி வீட்டுக்கு வந்தேன். வேலையும் வீட்டிலிருந்தே. துக்கத்தில் இருந்தேன் என்று சொன்னால் அது பெரிய வார்த்தை. எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. பசித்தால் தின்றேன், சோற்றில் உப்பு இருக்கிறதா என்று நாக்குக்குத் தெரியவில்லை. காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை பார் என்று என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே, சாமான் இறக்கி முடித்ததும் அண்ணன் ஒரு பெரிய சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் கொஞ்சம் குடித்துவிட்டுக் கீழே வைத்தேன்.

"இன்னாம்மா இது, குருவி குடிக்கிற மாதிரி? நல்லா மொடக் மொடக்னு குடி."

குடித்தேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"எது?"

"தண்ணிதான்."

"தண்ணி மாதிரி இருக்கு."

அந்தப் பதில் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "சில்லுனு இருக்கா? உள்ள எறங்கறது தெரியுதா?" என்று கேட்டார். தனியாக இருக்கிற பெண் இதை என்னவென்று எடுத்துக்கொள்வாள்? நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் அவர் தலையைப் பார்த்தால் கதவைச் சாத்தினேன். பிறகு ஒருநாள் மாடிப்படியில் அவர் மனைவி என்னை நிறுத்தினாள். அவள் எனக்கு அக்கா. இரட்டை நாடி, குரலும் அப்படியே.

"நீ தப்பா நினைக்காத கண்ணு. அவருக்கு கிட்னி ரெண்டும் போச்சு. ஒரு நாளைக்கு அரை பாட்டில் தண்ணிதான், மாத்திரை, காப்பி, ரசம் எல்லாம் அதுலதான் அடங்கணும். உன்மேல அவருக்குக் கண்ணு இல்ல. நீ குடிக்கிற தண்ணி மேலதான் கண்ணு."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அல்லது பாவமாக இருந்திருக்க வேண்டும். ரெண்டும் வரவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு மேலே போனேன்.

அப்புறம்தான் கவனித்தேன். சிலிண்டர் போட வருகிறவன், கூரியர் பையன், தெரு பெருக்குகிற அம்மா, யார் வாசலில் நின்றாலும் அவர் கையில் சொம்பு இருக்கும். தெருமுனை இளநீர் வண்டியில் அவர் பேர் சொல்லிக் குடித்தவர்கள் நிறையப் பேர். இளநீர் அவருக்கு விஷம், அதில் பொட்டாசியம். வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது, பருப்பு அளவாக. அதையெல்லாம் வாங்கி வாங்கி அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு முன்னால் குந்திக்கொண்டு பார்ப்பார். கிட்னி போகிறவரைக்கும் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் சூப்பர்வைசராக இருந்தவர். எத்தனையோ வருஷம் அடுத்தவன் தட்டையே பார்த்துப் பழகிய கண். என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தின்னவைப்பது அவருக்குத் தினப்படி வேலையாகிவிட்டது. எதைத் தின்றாலும் எனக்கு ஒரே மாதிரிதான் இருந்தது. "ருசி எப்படிம்மா?" என்பார். "நல்லா இருக்கு" என்பேன். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். "பரவால்ல, வயித்துக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி வைப்பார்.

பரங்கிக்கு வருகிறேன். எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை இருந்தது, அந்த ஊரில் சைட் என்பார்கள். இடத்துச் சொந்தக்காரர்களுக்குள் கேஸ், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அண்ணன் அதில் குப்பை அள்ளி, செங்கல் பொறுக்கி, கீரை போட்டு வைத்திருந்தார். எவனோ வெளிநாட்டுக்காரன் கார் அளவுக்கு வளர்ந்த பரங்கிக்காய் பக்கத்தில் நிற்கிற வீடியோவை ஃபோனில் பார்த்துவிட்டு, அந்த விதை வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றார். நான் ஆர்டர் போட்டுக் கொடுத்தேன். கவரில் நாலே நாலு விதை, கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிசாக.

உரம் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு சிவாஜிநகர் போனார். நெரிசலில் நசுங்கி, கறிக்கடைச் சந்து தாண்டி, விதையும் உரமும் விற்கிற ஒரு கடை. கடைக்காரர் ஒரு பாக்கெட்டை எடுத்துப் போட்டு, எல்லாச் செடிக்கும் இது ஒன்றே போதும் என்று கன்னடத்தில் சொன்னார். அண்ணன் அதைத் தொடவே இல்லை.

"எல்லாத்துக்கும் ஒரே சாம்பார் ஊத்தற கேன்டீன் உருப்படாதும்மா" என்றார் என்னிடம். பிறகு மூட்டைகளின் மேல் அச்சடித்திருந்த எண்களைக் காட்டினார். "மூணு நம்பர் இருக்கா? மொதல்ல இருக்கறது யூரியா சமாச்சாரம், இலைக்கு. நடுவுல பாஸ்பரஸ், வேருக்கும் பூவுக்கும். கடைசி பொட்டாஷ், பொட்டாசியம்தான், அது காய்க்கு. குழந்தைல இது, வயசுக்கு வந்தா அது, புள்ள உண்டானா இது. மாத்திப் போட்டா போச்சு."

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"என் ரத்த ரிப்போர்ட்ல. மாசா மாசம் டாக்டர் வட்டம் போட்டுக் கொடுக்கறது இந்த மூணைத்தான். யூரியா ஏறக்கூடாது, பாஸ்பரஸ் ஏறக்கூடாது, பொட்டாசியம் ஏறவே கூடாது, ஏறினா இதயம் நின்னுடும். எனக்கு வேணாம்னு சொன்னதெல்லாம் அதுக்கு வேணும். பாரு, எவ்ளோ சௌகரியம்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கடைக்காரருக்கும் தமிழ் தெரியும் போல, அவர் சிரிக்கவில்லை. மக்கின சாணம், வேப்பம் பிண்ணாக்கு, எலும்புத்தூள், மூன்று எண்ணும் சமமாக இருக்கிற கரையும் உரம் கொஞ்சம், பிற்பாட்டுக்கு என்று வெள்ளைப் பொட்டாஷ். சிவப்புப் பொட்டாஷ் மலிவாகக் கிடைத்தது. அதில் உப்பு இருக்கிறது, வேர் தாங்காது என்று தள்ளிவைத்தார். உப்பு என்று சொல்லும்போது உதட்டை நக்கிக்கொண்டார்.

நாலு விதையில் ரெண்டு முளைத்தது. அதில் ஒன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அந்தப் பேச்சு வந்தது. பேச்சென்ன, அந்த வீட்டில் ஓயாத பேச்சு. அக்கா தன் கிட்னியைக் கொடுக்கிறேன் என்கிறாள், ரத்த குரூப் பொருந்துகிறது. அண்ணன் மாட்டேன் என்கிறார். சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், சொந்தக்காரர்களை வைத்துச் சொல்லிப் பார்த்தாள். அவர் பிடி கொடுக்கவே இல்லை. அன்றைக்கு அவள் சைட்டில் நின்றுகொண்டு விதைக் கவரில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"இது உங்க எடைக்கு வருமா?"

"அது சீமையில. இங்க அம்மிக்கல் சைஸுக்கு வந்தா பெரிசு."

"வந்துட்டா?"

"வந்துட்டா உன் கிட்னியை வாங்கிக்கிறேன், போதுமா? ஆளை விடு."

விளையாட்டாகச் சொன்னார். அக்கா உள்ளே போனாள். தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அணைச்சு சத்தியம் பண்ணுங்க. காய் உங்க எடையைத் தாண்டினா ஆபரேஷனுக்கு சரின்னு சொல்றேன்னு. இந்தப் பொண்ணு சாட்சி."

"இன்னாடி பேஜாரு..."

"பண்ணுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்யட்டும்? அவர் குனிந்து கையால் கற்பூரத்தை அணைத்தார். தோற்கவே முடியாத பந்தயம் என்று நினைத்த முகம் அவருக்கு. அவர் எடை ஐம்பத்திரண்டு. மெஷினில் தண்ணீரை எல்லாம் உறிஞ்சி எடுத்த பிறகு நிற்கிற எடை அது. ஆஸ்பத்திரியில் அதை டிரை வெயிட் என்பார்கள்.

பொதுவாக ஒரு மனுஷன் என்ன செய்திருப்பான்? பந்தயத்தில் ஜெயிக்க வேண்டுமென்றால் காய் சிறுத்துப் போக வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் போதும். ஆனால் அவரால் அது முடியவில்லை. எதற்கும் குறைத்துக் கொடுக்கிற கை இல்லை அவருக்கு. காலையில் எழுந்ததும் ஹோஸ் பைப்பைப் போட்டு வேர் நனைய நனைய விடுவார், மண் குடித்து முடிக்கிறவரை நின்று பார்ப்பார். கொடி கணுவுக்குக் கணு மண் அணைத்து அங்கேயும் வேர் விடவைத்தார். பூ வந்ததும் விடிகாலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தானே தடவினார். நாலைந்து பிஞ்சு பிடித்தது. நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மிச்சத்தைக் கிள்ளினார். சாப்பாடு ஒரே வாய்க்குப் போகணும் என்றார். கிள்ளினதை அக்கா கூட்டு வைத்தாள். அவருக்கென்று ரெண்டே துண்டை எடுத்து வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்துக் கொட்டி, சத்தெல்லாம் போன சக்கையாக வைத்தாள். மிச்சத்தை நான் தின்றேன், அவர் பார்த்தார்.

காய்க்கு அடியில் மணல் கொட்டி, மேலே அக்காவின் பழைய புடவையால் பந்தல் போட்டார். வெயில் பட்டால் தோல் இறுகிவிடுமாம். அக்கா தினமும் டெய்லர் டேப்போடு வந்து காயின் இடுப்பை அளந்தாள். சுற்றளவை வைத்து எடை சொல்கிற அட்டவணையை நான்தான் ஃபோனில் தேடி எடுத்துக் கொடுத்திருந்தேன். தெருவில் போகிறவர்கள் சுவர் மேல் எக்கிப் பார்த்து, எத்தனை மாசம் என்று அக்காவைக் கிண்டல் செய்வார்கள். அவள் சிரிக்க மாட்டாள். அவளுக்கு அந்த டேப்தான் உயிர்.

ஒருகட்டத்தில் டேப் நகரவில்லை. கொடி மட்டும் வெறிபிடித்த மாதிரி ஓடியது, இலை ஒவ்வொன்றும் முறம் அகலம், கரும்பச்சை. சுவர் ஏறிப் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பிடித்தது. காய் அப்படியே நின்றுவிட்டது. டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருந்தவர் எழுந்துபோய் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"யூரியா போட்டிருக்கே."

அக்கா முந்தானையைத் திருகினாள். "சீக்கிரம் வளர்றதுக்கு எதுன்னு கேட்டேன். கடைக்காரன் இதைத்தான் கொடுத்தான்."

"எவ்ளோ?"

"ரெண்டு கை. நீங்க படுத்திருக்கப்ப எல்லாம்."

"அதான். காய் பிடிச்ச அப்புறம் யூரியா போட்டா இலை தின்னு கொழுக்கும், காய் பட்டினி கெடக்கும்."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. அவள் கையாலேயே கெடுத்துவிட்டாள். அவர் உயிரைப் பிடித்து வைக்கிறதாக நினைத்துப் போட்ட உரம் அது. அவள் உள்ளே போன பிறகு நான் சொன்னேன்: "அப்படியே விட்டுடுங்க அண்ணா. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நீங்கதான் ஜெயிப்பீங்க."

கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை கேட்ட மாதிரிப் பார்த்தார்.

"பட்டினி கெடக்குதும்மா" என்றார்.

பொட்டாஷ் தீர்ந்து போயிருந்தது. நடக்கத் தெம்பு இல்லை, ஆட்டோ பிடித்து சிவாஜிநகர் போய் வாங்கிவந்தார். ஓடுகிற கொடி நுனிகளை எல்லாம் வெட்டினார். வெறும் தண்ணீர் விட்டு யூரியாவைக் கழுவிவிட்டார். அப்புறம் வெள்ளைப் பொட்டாஷைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். கரைத்த வாளி முன்னால் குந்திக்கொண்டு, "இந்த வாளில இருக்கறது போதும், நம்ம தெருவையே காலி பண்ணிடலாம். அதுக்கு இது பாயசம்" என்றார். டேப் மறுபடி நகர ஆரம்பித்தது. அக்கா குழந்தை மாதிரிக் கத்திக்கொண்டு மாடிக்கு ஓடிவந்து என்னிடம் காட்டினாள்.

ஏன் இப்படிச் செய்தார் என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் கேட்டும் விட்டேன். அக்கா மனசார கொடுக்கிறாள், வாங்கிக்கொள்ள என்ன கஷ்டம்?

"கேன்டீன்ல அத்தனை வருஷம் இருந்தேம்மா. சாப்பாடு பத்தாம போன நாள் இருக்கு. ஆனா ஒருத்தன் தட்டுல வெச்சதை எடுத்து இன்னொருத்தன் தட்டுல வெச்சது கெடையாது. அவ வயித்தைக் கிழிச்சு எடுத்ததை வெச்சிக்கினு நான் எப்படித் தண்ணி குடிப்பேன்? தொண்டைல எறங்குமா?"

தட்டில் வைத்ததைத் தின்றேன்.

கொடி பழுத்துக் காய்ந்து, காய் ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், டயாலிசிஸுக்கு மறுநாளாகப் பார்த்து அக்கா நாள் குறித்தாள். அன்றைக்குத்தான் அவர் உடம்பில் தண்ணீர் இருக்காது என்பது அவள் கணக்கு. தெருக்கோடிப் பழைய இரும்புக் கடையில் தரையில் வைக்கிற தராசு இருந்தது. கடைக்கார பாய் ரெண்டு ஆட்களோடு தராசையே கொண்டுவந்து கேட் முன்னால் வைத்தார். காயைக் கோணியில் கட்டித் தூக்கிவந்தார்கள். தெருவே கூடிவிட்டது.

காய் ஐம்பத்து நாலு.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று காலையில் எழுந்ததும் வீட்டுத் தராசில் அவரை நிறுத்திப் பார்த்திருந்தாள், ஐம்பத்திரண்டரை. என் கையைப் பிடித்து நெரித்தாள்.

"நீங்க ஏறுங்க சார்" என்றார் பாய்.

அண்ணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார். பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முள்ளைப் பார்த்தார்.

"அம்பத்தஞ்சு. சார்தான் ஜாஸ்தி."

தெரு கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். என்ன பந்தயம் என்று அவர்களுக்குத் தெரியாது, மனுஷன் ஜெயித்தான் என்று கைதட்டினார்கள். அக்கா கைதட்டவில்லை. தராசையும் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள், கணுக்காலைப் பார்த்தாள். கிட்டே போய், வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"தண்ணி குடிச்சீங்களா?"

"ம்."

"எவ்ளோ?"

"வயிறு ரொம்ப."

"எங்க?"

"சைட்ல. ஹோஸ் பைப்புல."

அவள் கத்துவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"சொல்லத் தெரியலடி" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. தண்ணீருக்காக அழுதாரா அவளுக்காக அழுதாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. வெயில் ஏறிவிட்டதே, காயை நிழலில் வைக்கச் சொல்ல வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

மத்தியானத்துக்குள் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் இருமல், உட்கார்ந்தால் இரைப்பு. பாயின் வண்டியிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்காவைத் திட்டினாள், நீங்க பார்த்துக்க மாட்டீங்களா என்று. அவசரமாக மெஷினில் போட்டு, குடித்த தண்ணீரையெல்லாம் எடுத்தார்கள். சாயந்திரம் முடிந்தது. அந்த யூனிட்டில் எல்லோரையும் ஏற்றுமுன் ஒருமுறை, இறக்கிய பின் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பார்கள். டெக்னீஷியன் அவரைத் தராசில் நிறுத்தி, வழக்கம்போல உரக்கப் படித்தான்.

"ஐம்பத்திரண்டு."

அக்கா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவரையே பார்த்தாள். அவரும் தராசிலிருந்து இறங்காமல் நின்றார்.

"சரி" என்றார்.

"என்ன சரி?"

"எடுத்துக்கிறேன்."

அக்கா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நர்ஸ் ஓடிவந்தாள், நல்ல சேதிதான் சிஸ்டர் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் ஆயுத பூஜைக்குத் தெரு முழுக்கப் பரங்கி. அண்ணன் அரிவாளை வைத்து அவரே அறுத்து வீட்டுக்கு வீடு பெரிய பெரிய துண்டாகக் கொடுத்தார். பாய் வீட்டில் அல்வா செய்து அனுப்பினார்கள். அக்கா பூஜை முடிந்ததும் டெஸ்டுக்கு ஓடினாள். ரத்தம், மூத்திரம், எக்ஸ்ரே, ஸ்கேன், ஒன்றுவிடாமல். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போகிற மாதிரி நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு போனாள். ஆங்கிலத்தில் ஏதாவது சொன்னால் புரியாது என்று கடைசி நாள் என்னையும் துணைக்குக் கூட்டிப்போனாள். டாக்டரின் அறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

டாக்டர் ஸ்கேன் ஃபிலிமை வெளிச்சத்தில் மாட்டினார். நல்ல தமிழில், மெதுவாகச் சொன்னார். ரெண்டு பக்கமும் கல் இருக்கிறது. வலது பக்கம் ரொம்ப நாளாக அடைத்து, கிட்னி சுருங்கிப்போய்விட்டது. மிச்சம் இருக்கிற ஒன்றை வைத்துத்தான் இவங்க ஓட்டிக்கொண்டிருக்கிறாங்க. இவங்ககிட்டேருந்து எடுக்க முடியாது. முதலில் இவங்களுக்கு வைத்தியம் பார்க்கணும்.

அக்கா ஏதோ வேறு யாரையோ சொல்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளைக்குத் தண்ணி எவ்வளவு குடிப்பீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"அதெல்லாம் நல்லாக் குடிப்பா டாக்டர்" என்றார் அண்ணன். "அவளுக்கு இன்னா கொறை?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த கையைப் பார்த்தாள்.

"அவருக்கு எவ்ளோ ஊத்தி வைப்பேனோ, அவ்ளோதான் டாக்டர்."

"வெயில் காலத்துல?"

"எல்லாக் காலத்துலயும் அதேதான். அந்த மனுஷன் நாக்கு வறண்டு உக்காந்திருக்கப்ப எனக்கு எறங்கலை. அப்படியே பழகிடுச்சு."

டாக்டர் பேனாவை மூடினார். அண்ணன் எழுந்தார். தடுமாறி, என் தோளைப் பிடித்து நிதானித்துக்கொண்டு, தனியாக வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்தார், வராந்தாவில் வாங்கியிருப்பார். மூடியைத் திருகித் திறந்து அக்காவின் கையில் வைத்தார்.

"குடி."

அக்கா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"குடிடி."

"நீங்க வெளிய போங்க" என்றாள். "நீங்க இருக்கறப்ப என்னால முடியாதுங்க."

எத்தனையோ பேர் தொண்டையைப் பார்த்த மனுஷன் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா பாட்டிலை வாயில் வைத்தாள்.